மூக்குக்குச் சிவப்பு

ஆக்ராய்டின் பட்டறையில் ஒருத்திக்கு ஒரு நிறம்தான். மேசையின் தலைப்பில் மஞ்சள், அடுத்து நீலம், அதற்கடுத்து பச்சை, கடைசியில் சிவப்பு. கறுப்பு மையில் அச்சாகி வரும் வேடிக்கைத் தபால் அட்டைகள் அந்த நீள மேசையில் கை மாறிக் கை மாறி நகரும். சிவப்பைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. காயாத சிவப்பு பக்கத்து நிறத்துக்குள் ஊறிப் போய்விடும். அதனால் சிவப்புக்காரியே அட்டைகளைக் கம்பிச் சட்டத்தில் காயவைத்து, காய்ந்ததும் நூறு நூறாகக் கட்டி, பெட்டியில் போட்டு மூடிவிடுவாள். அவளுக்குப் பிறகு வாங்குகிறவன்தான் அட்டையைப் பார்ப்பான்.

பியூலா சிவப்புக்காரி. பத்தொன்பது வயது. நாலு வருஷமாக அதே நாற்காலி, அதே பிரஷ். குடிகாரனின் மூக்கு, மாமியாரின் கன்னம், மேலாளரிடம் திட்டு வாங்கியவனின் காது. எங்கே சிரிக்க வேண்டும் என்று வாங்குகிறவனுக்குக் காட்டிக்கொடுப்பது சிவப்புதான் என்று ஆக்ராய்டு அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொள்வார். நல்ல மனிதர் என்று ஊரில் பெயர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்.

தட்டு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அட்டையைக் கெடுத்தவள் சனிக்கிழமை மத்தியானம், மில் மணி அடித்து ஊரே தெருவில் நிற்கும் நேரத்தில், கெட்டுப்போன அட்டைகளை ஒரு தகரத் தட்டில் முகம் மேலே தெரிய அடுக்கி, பட்டறையின் முன்வாசல் வழியாக வெளியே வந்து, சந்தைத் தெரு முழுக்க நடக்க வேண்டும். இருபது வருஷ வழக்கம். ஆக்ராய்டே கண்டுபிடித்தது. வட இங்கிலாந்தின் மில் ஊரான கால்டர்ஷாவில் எல்லோருக்கும் அது தெரியும். "என்னம்மா, இந்த வாரம் எத்தனை?" என்று சாராயக் கடை வாசலில் இருந்து கூப்பிடுவார்கள். ஆளுக்கொன்றாக அள்ளிக்கொள்வார்கள். பதினைந்து வயதில் பியூலா ஒரே ஒரு முறை அப்படி நடந்திருக்கிறாள், ஏழு அட்டையோடு. பாதிரியார் ஒருவரின் கன்னத்தில் சிவப்பு வழிந்து, யாரோ அறைந்தது போல ஆகிவிட்டது. அன்று அழுதுகொண்டே நடந்தாள். அதன் பிறகு ஒரு அட்டைகூடக் கெட்டதில்லை.

படம் வரைகிறவர் லம்ப். ஓட்டுரிமை கேட்கிற பெண் என்றால் லம்புக்குத் தெரிந்தது ஒரே ஒருத்திதான். துருத்திய முன்பல் இரண்டு, முகவாயில் மூன்று மயிர், கையில் குடை, பாதி முகத்தை அடைக்கும் மூக்கு. வீட்டில் புருஷன் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டு நிற்பான். அப்படி ஒருத்தியை லம்ப் எங்கேயும் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய அவசியமும் அவருக்கு இருக்கவில்லை. விற்றது. அந்த மூக்குக்கெல்லாம் சிவப்பு வைத்தவள் பியூலா. வைத்தபோது சிரித்தும் இருக்கிறாள். பிற்பாடு அதை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசும்.

அக்கா செலினா அவளைவிட ஏழு வயது மூத்தவள். மில்லில் நாலு தறி ஓட்டியவள். சனிக்கிழமைதோறும் சந்தைக் கல்தூண் பக்கத்தில் ஒரு சோப்புப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கைமணியை அடித்து, ஏறி நின்று பேசுவாள். மில்லில் பெண்ணுக்கு ஏன் கூலி குறைவு, அதைக் கேட்க ஓட்டு ஏன் வேண்டும் என்று பேசுவாள். தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. மீன்கடை வரைக்கும் கேட்கும். கேலி செய்கிறவனுக்குக் கேலியாலேயே பதில் கொடுப்பாள். கேலி செய்ய வந்தவர்களே பாதிப் பேர் நின்று கேட்பார்கள். போன குளிர்காலத்தில் லண்டனுக்குப் போனாள். ஒரு மந்திரியின் ஜன்னலில் கல் எறிந்தாள். இரண்டு மாதம் ஜெயில்.

விடுதலையாகிற பெண்களுக்கு ஓட்டுரிமை இயக்கத்தார் ஜெயிலுக்கு வெளியே ஒரு காலை விருந்து வைப்பது வழக்கம். பூச்செண்டு, ரொட்டி, முட்டை, கைதட்டல். செலினாவுக்கு முட்டை தொண்டையில் இறங்கவில்லை. ஊருக்கு வந்தும் ஒரு வாரம் பாலில் ஊறிய ரொட்டிதான். குரல் பாதியாகிப் போயிருந்தது. அப்பா ஏமஸ், மில்லில் தறி பழுது பார்க்கிறவர், எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

பியூலா கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, அக்காவின் தலையை வாரிக்கொண்டே கேட்டாள். செலினா கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். சாப்பிட மாட்டேன் என்று ஐந்து நாள் இருந்தது. நாற்காலியில் போட்டு அமுக்கியது. மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டது. மேலே ஒரு புனலைப் பிடித்து முட்டையும் பாலும் ஊற்றியது. பக்கத்து அறையில் ஒரு கர்னலின் மகள் இருந்தாளாம். அவள் நெஞ்சில் டாக்டர் குழல் வைத்துப் பார்த்து, இதயம் பலவீனம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "எனக்கு வெச்சே பாக்கலடி. தறி ஓட்டறவளுக்கு இதயம் இரும்புல செஞ்சிருக்கும்னு நினைச்சிருப்பான்."

கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"குழாய்கூடப் பரவாயில்லடி. கழுத்துல ஒரு துணியைக் கட்டி விட்டா ஒரு வார்டர். குழந்தைக்குக் கட்டற மாதிரி. ஊத்தும்போது, 'அத்தைக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய்'னு பாடினா. எல்லாரும் சிரிச்சாங்க. அதான் தூங்கும்போது காதுல கேக்குது."

"யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் செலினா.

"சொல்ல மாட்டேன்," என்றாள் பியூலா.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பட்டறையில் பச்சைக்காரி ஆனிஸ் ஆரம்பித்து வைத்தாள். நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது. "உங்க அக்காவுக்கென்ன, ரெண்டு மாசம் ராஜா செலவுல சாப்பாடு. தறியும் இல்ல, பாத்திரமும் கழுவ வேண்டாம். என்னையும் யாராவது பிடிச்சுப் போடுங்கப்பா!" மேசை முழுக்கச் சிரித்தது. பியூலாவுக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலி, குழாய், புனல், துணி. அத்தைக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய். ஆனிஸின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று பியூலா நினைத்தாள். ஜன்னல் பக்கத்தில் லம்ப் பென்சில் சீவிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த அட்டை மேசையில் இறங்கி வந்தது.

நாற்காலியில் அதே பழைய பெண். துருத்திய பல், மூன்று மயிர். கழுத்தில் துணி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வார்டர்கள் அவளை அமுக்குகிறார்கள். டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, பெட்டிக்கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற அளவு புனலில் ஒரு வாளிக் கஞ்சியைக் கவிழ்க்கிறார். கீழே கொட்டை எழுத்தில்: "மாமாவுக்கு ஒரு வாய்!"

மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் முடிந்து அது பியூலாவின் முன்னால் வந்து நின்றது. அவள் எழுந்து லம்பிடம் போனாள்.

"இது எங்க அக்கா."

லம்ப் அட்டையை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உங்க அக்காவா? யார் சொன்னா? உங்க அக்காவுக்கு இவ்வளவு பெரிய மூக்கா?"

"நான் சொன்னதைக் கேட்டுத்தான வரைஞ்சீங்க?"

"நீ ஊருக்கே கேக்கறாப்ல சொன்ன. எனக்கு மட்டும் காது இருக்கக் கூடாதா?"

ஆக்ராய்டு சத்தம் கேட்டு உள்ளே வந்தார். தோளில் தட்டினார். "பாரும்மா, நான் அரசியலே பேசறதில்ல. சிரிப்பு விக்கிறேன். சிரிப்பு யாருக்கும் கெடுதல் பண்ணாது. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். எழுந்து வெளியே போயிருக்கலாம். போகவில்லை. செலினாவுக்கு மில்லில் திரும்ப வேலை இல்லை, வீட்டில் சம்பளம் இரண்டுதான். ஆனால் அதெல்லாம் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. உண்மை என்னவென்றால், கை பழக்கத்தில் போய்விட்டது. முந்நூறு மூக்கு. முந்நூறுக்கும் சிவப்பு வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை தேநீர் வேளையில் அப்பா வந்தார். பல நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு. உள்சட்டைப் பையில் இருந்து எதையோ எடுத்தார். பெரிய மகளோடு பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வாரக்கணக்கில் தவித்த மனிதர், சாராயக் கடையில் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பி வந்திருந்தார்.

"உன் கூட்டத்தைப் பத்தி ஒண்ணு வந்திருக்கு செலினா. கோவிச்சுக்காதம்மா. நீயே சிரிச்சுடுவ. கடையில ஒண்ணை சுவத்துலயே குத்தி வெச்சுட்டான்னா பாரேன்."

செலினா அட்டையை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். கீழே இருந்த எழுத்தைப் படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள். அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் ரொட்டியையே பார்த்தார்.

செலினா தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். எப்படி வெளியே போனது என்று கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"இந்த மூக்குக்குச் சிவப்பு வெச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் பியூலா.

அந்தச் சனிக்கிழமை செலினா பெட்டியைக் கவிழ்த்து, மணி அடித்து, ஏறி நின்றாள். ஜெயிலில் இருந்து வந்த பிறகு அதுதான் முதல் முறை. வாயைத் திறந்தாள். சாராயக் கடை வாசலில் இருந்து ஜேபஸ் என்ற வண்டிக்காரன், இரும்புக் கடையில் வாங்கிய புதுப் புனலை வாயில் வைத்துக்கொண்டு கத்தினான்.

"மாமாவுக்கு ஒரு வாய்!"

தெரு சிரித்தது. முன்பெல்லாம் இதற்கு அவளிடம் பத்து பதில் இருந்திருக்கும். அன்று எதுவும் வரவில்லை. பியூலா கூட்டத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாள். அக்காவின் வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு துடிக்கிறது, சத்தம் இல்லை. நாற்காலியில் எப்படி இருந்திருப்பாளோ அப்படியே இருந்தாள். ஐந்து நாள் பட்டினியாலும் ரப்பர் குழாயாலும் முடியாததை ஒரு அரைப் பென்னி அட்டை செய்து முடித்தது. அதற்குக் கடைசிக் கை வைத்தவள் கூடப் பிறந்தவள்.

செலினா இறங்கினாள். வீட்டுக்குப் போய்க் கைமணியை நிலக்கரிக் கூடைக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. தங்கையோடு பேசவும் இல்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

மே மாதம் போக்சன் என்ற விற்பனையாளரிடம் இருந்து பெரிய ஆர்டர் வந்தது. மில்கள் ஒரு வாரம் மூடும்போது வடக்கு நாடே கடற்கரைக்கு ஓடும். அங்கே விற்க, "மாமாவுக்கு ஒரு வாய்" ஆயிரத்து இருநூறு. ஆக்ராய்டு மேசைக்கே வந்து கைதட்டினார். "சனிக்கிழமை காலையில வந்து எடுத்துக்குவாரு. லம்ப், உமக்குத்தான்யா இந்தப் பெருமை!"

புதன்கிழமை முதல் கட்டு பியூலாவிடம் வந்தது. அவள் பிரஷைச் சிவப்பில் தோய்த்து, மூக்கின் மேல் கொண்டுபோய், நிறுத்தினாள்.

நிறம் வைக்காத மூக்கு வெறும் மூக்காகத்தான் இருந்தது. கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பெரிய மூக்கு ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு. சிவப்பு இல்லாமல் அந்த முகத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தாள். லம்புக்கு வரையத் தெரியும். பயந்த கண்ணை வரையச் சொன்னால் பயந்த கண்ணைத்தான் அவர் கை வரையும். இத்தனை நாள் அந்தக் கண்ணை மூக்கின் சிவப்பு மறைத்திருந்தது. அந்த மறைப்பைச் செய்ததும் இவள்தான்.

குழாய் நுழைகிற மூக்குத் துளையில் பிரஷின் நுனியை வைத்தாள். கீழே இழுத்தாள். உதட்டுக்கு, உதட்டில் இருந்து முகவாய்க்கு. கழுத்துத் துணியில் மூன்று சொட்டு.

முதல் அட்டை ஜாம் ஒழுகியது போல இருந்தது. தண்ணீர் அதிகம். இரண்டாவதில் நிறத்தைக் கெட்டியாக்கினாள். நாலாவதில் ஒரு துளிக் கறுப்பைத் தொட்டுக் கலந்தாள். ஓரம் கருத்து, நடுவில் பளபளவென்று, ரத்தம் ரத்தமாகவே வந்தது. மூக்கைத் தொடவே இல்லை.

அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. டாக்டரின் ஸ்டூல், வாளிக் கஞ்சி, துருத்திய பல் எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒருத்தியை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்பது இப்போது கண்ணில் அடித்தது. கீழே "மாமாவுக்கு ஒரு வாய்!" என்று எழுதியிருந்ததைப் படித்தால், எழுதியவனைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது.

வியாழக்கிழமை ஆனிஸ் பச்சைப் பிரஷைக் கழுவ எழுந்தவள், கம்பிச் சட்டத்தைப் பார்த்துவிட்டாள். அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி வந்து, தன் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். லம்பின் ஜன்னலுக்கும் காயும் சட்டத்துக்கும் நடுவில் அவளுடைய அகலமான முதுகு வந்து நின்றது.

"ஆனிஸ்..."

"எனக்குக் கண்ணு சரியில்லடி. பச்சையைத் தவிர ஒண்ணும் தெரியறதில்ல. வேலையைப் பாரு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு கட்டும் முடிந்தது. பியூலா தானே கட்டி, தானே பெட்டியில் போட்டு, தானே மூடினாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு போக்சன் வந்தார். ஆக்ராய்டு அவரை மேசைக்கே அழைத்து வந்து, பெட்டியைத் திறந்து, மேலே இருந்த கட்டைப் பிரித்து ஒரு அட்டையைக் கொடுத்தார். போக்சன் சிரிக்கத் தயாராக உதட்டை விரித்தபடி வாங்கினார். விரித்த உதடு அப்படியே நின்றது. இன்னொன்றை எடுத்தார். அடியில் இருந்து ஒன்றை உருவினார்.

"என்னய்யா இது? குழந்தைகுட்டியோட வர்ற இடம். இதைப் பாத்தா எவன் சிரிப்பான்?"

ஆக்ராய்டு வாங்கிப் பார்த்தார். கழுத்தில் இருந்து சிவப்பு ஏறி அவர் காது வரை போனது.

"பியூலா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க?"

"எனக்குத் தெரிஞ்ச நிறத்தை வெச்சிருக்கேன் ஐயா. அந்த இடத்துல சிவப்பு அங்கதான் வரும்."

"மூக்குக்கு வெக்கச் சொன்னா—"

"மூக்குல இருந்துதான் வருது."

மஞ்சள்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். போக்சன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வேறு ஊரில் வேறு அச்சகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக்ராய்டு மேசையில் ஓங்கிக் குத்தினார். "ஆயிரத்து இருநூறு! இந்தப் பட்டறையில இதுவரைக்கும் எவளும் இருபதுக்கு மேல கெடுத்ததில்ல. தட்டை எடு! அத்தனையும் அடுக்கு! முன்வாசல் வழியாப் போ! உன் வேலை எப்படின்னு ஊரு பாக்கட்டும். அப்படியே வீட்டுக்குப் போயிடு, திங்கக்கிழமை வராத!"

இந்த அட்டையை ஊரே பார்த்தால் என்ன ஆகும் என்பது லம்புக்குத்தான் முதலில் உறைத்தது. முகம் வெளுத்து எழுந்து வந்தார். "ஐயா, தட்டு வேண்டாம் ஐயா. அடுப்புல போட்டுடலாம். எல்லாத்தையும் இப்பவே..."

"இருபது வருஷ வழக்கம்யா! கெடுத்தவ சுமக்கணும். இவளுக்காக மாத்தணுமா?"

"ஐயா, நான் சொல்றது என்னன்னா..."

"நீ வரையறதோட நிறுத்து!"

பியூலா தகரத் தட்டை எடுத்துவிட்டாள். ஆனிஸ் எழுந்து வந்து அடுக்க உதவினாள். முகம் மேலே தெரிய, வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று சரிந்து. கட்டோடு அடியில் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. கனம் தோளை இழுத்தது. வாசலில் நின்று திரும்பினாள்.

"ஊரு பாக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க ஐயா."

மில் மணி அடித்தது. சந்தைத் தெரு நிறைந்திருந்தது. தகரத் தட்டைக் கண்டதும் பழக்கப்பட்ட குரல்கள் எழுந்தன.

"அடேங்கப்பா, பியூலா! இது என்ன, மூட்டையாவே கெடுத்துட்டியா?"

"கொண்டா, கொண்டா. பாதிரியார் அறை வாங்கினதை விட நல்லாருக்குமா?"

கைகள் நீண்டன. ஆளுக்கொன்று. பியூலா நிற்காமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் பேச்சு ஒவ்வொரு இடமாக அடங்கிக்கொண்டே வந்தது. மீன்கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை வாங்கினாள். பார்த்தாள். "கடவுளே" என்றாள். அதைத் தராசில் சாய்த்து, வாங்க வருகிறவர்கள் பார்க்கும்படி நிறுத்தி வைத்தாள். எல்லோரும் அப்படி இல்லை. இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தொப்பிக்காரர், "இவளுங்களுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். கிழித்த துண்டை ஒரு நெசவுக்காரி குனிந்து பொறுக்கிக்கொண்டாள்.

சாராயக் கடை வாசலில் ஜேபஸ் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். ஜேபஸ் ஒன்றை எடுத்து, எழுத்தை மட்டும் பார்த்து, பழக்கத்தில் சிரித்தான். பிறகு படத்தைப் பார்த்தான். அப்பா ஒன்றை எடுத்தார். தறிப் பல் எண்ணுகிற கண்ணால் நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ரத்தம்..." என்றார்.

"ஆமாப்பா."

"நம்ம செலினாவுக்கா?"

"ஆமாப்பா."

"நான் இதைக் கொண்டுபோய் அவ கையிலயே குடுத்தேன்." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சிரிச்சுடுவன்னு சொன்னேன்."

கடைக்குள் போனார். சுவரில் குத்தியிருந்த பழைய அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஆணியும் சேர்ந்து வந்திருந்தது. "கல்தூண்கிட்டப் போய் நில்லு," என்று பியூலாவிடம் சொல்லிவிட்டு மேட்டுத் தெருவில் ஏறினார்.

பியூலா கல்தூணுக்குப் பக்கத்தில் தட்டை இறக்கினாள். தோள் மரத்துப்போயிருந்தது. அக்கா வருவாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. வராவிட்டால், நாம் செய்தது இன்னொரு முறை அவள் கதையைச் சந்தையில் பரப்பியதுதான், வேறொன்றும் இல்லை. இது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த முறையும் கேட்காமலேதான் செய்திருக்கிறாள்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் இறங்கி வந்தார்கள். அப்பாவின் கையில் கைமணி. வழியில் அடித்துவிடக் கூடாது என்று அதன் நாக்கை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். செலினா கொண்டுவந்த சோப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தட்டில் இருந்து ஒரு அட்டையை எடுத்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வலது மூக்குல வெச்சிருக்க," என்றாள். மூன்று வாரத்தில் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை. "எனக்கு இடது."

"நீ சொல்லலக்கா."

"நீ கேக்கல. கேக்காம ரெண்டு தடவை என்னை ஊருக்கு வித்துட்ட."

பியூலா தட்டில் சரிந்த அட்டைகளை நேராக்கினாள்.

"உன்கிட்ட வீட்ல பேசிக்கறேன்," என்றாள் செலினா. "அந்தப் பெட்டியைக் கவுத்துப் போடு."

பியூலா பெட்டியைக் கவிழ்த்தாள். அப்பா மணியை நீட்டினார். செலினா அடித்தாள், மூன்று முறை. ஏறி நின்றாள்.

"மாமாவுக்கு ஒரு..." என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழுந்தது. ஜேபஸ் இல்லை. ஜேபஸ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடச் சேர ஆள் இல்லாமல் அந்தக் குரல் பாதியில் நின்றது.

செலினாவின் கழுத்து நரம்பு துடித்தது. பியூலா தன் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் போனது. பிறகு அந்த உடைந்த குரல் வந்தது. மீன்கடை வரைக்கும் போகாது. ஆனால் மீன்கடைக்காரி கடையை விட்டு முன்னால் வந்துவிட்டிருந்தாள்.

"எல்லார் கையிலயும் படம் இருக்கா? சரி. இதுல சில தப்பு இருக்கு, சொல்லிடறேன்." அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தாள். "இதுல நாலு பேரு என்னை அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. நாலு இல்ல. ஏழு பேரு."